வாயில்லாப் பூச்சிகளும் எங்கள் மதில்களும்

பெரிய அந்துப்பூச்சி ஒன்று இரவில் வீட்டுக்குள் வந்துவிட்டால் எங்கட ஊர்களில் மூன்றில் ஒன்று நடக்கும். தும்புத்தடி எடுத்து அடிப்பார்கள். அல்லது ஃபோனில் படம் எடுத்து "இது என்ன பூச்சி, ஆருக்கும் தெரியுமோ?" எண்டு முகநூலில் போடுவார்கள். அல்லது, "செத்துப்போன ஆரோ பார்க்க வந்திருக்கினம், ஒண்டும் செய்யாதேங்கோ" எண்டு அம்மம்மா தடுப்பார். மூன்றாவதில் மட்டும்தான் பூச்சிக்கு உயிர் மிஞ்சுது. ஆகவே இந்த ஒரு விசயத்தில் அம்மம்மாக்களோடு நாங்கள் வாதாடப் போவதில்லை.

ஆனால் மூன்று பேரும் அந்தப் பூச்சியை எங்கிருந்தோ வந்த ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். அது அப்படியொன்றும் தூரத்திலிருந்து வந்ததல்ல. அனேகமாக உங்கட வளவில், அல்லது பக்கத்து வளவு வேலியில், ஒரு இலையின் அடிப்பக்கத்தில் முட்டையாக இருந்தது. அந்த இலையைத் தின்று புழுவாக வளர்ந்தது. கூட்டுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ கிடந்து செட்டை முளைத்து வெளியே வந்தது. அது விருந்தாளியில்லை, அயலட்டை.

நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்த அயலவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் எண்டு தெரியாமலே அவர்களுடைய வீட்டை நாங்கள் இடித்துக்கொண்டிருக்கிறோம். அதை நிப்பாட்ட ஏலும். பெரிய செலவும் இல்லை.

பெயரிலேயே ஒரு சிக்கல்

தமிழில் "அந்து" எண்டால் அரிசியிலும் மாவிலும் வருகிற குட்டிப் பூச்சி. அந்தப் பேரையே இழுத்து, இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவில் இருக்கிற பூச்சிக்கும் வைத்திருக்கிறோம். பெயரைக் கேட்டவுடனே சாப்பாட்டைப் பழுதாக்கிற சாமான் எண்ட எண்ணம்தான் வரும். வண்ணத்துப்பூச்சிக்குக் கிடைத்த கவிதையும் குழந்தைப் பாட்டும் இதுக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் இலங்கையில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் 250க்குக் கிட்டத்தான். அந்துப்பூச்சி இனங்கள் அதைப்போலப் பல மடங்கு.

இவற்றை ஆரும் கவனிக்கவில்லை எண்டும் சொல்ல ஏலாது. ஃபிரெடெரிக் மூர் எழுதிய "இலங்கையின் செதிலிறகிகள்" பற்றிய மூன்று தொகுதிகள் 1880க்கும் 1887க்கும் இடையில் இலண்டனில் வெளிவந்தன. அதிலிருக்கிற அழகான படங்களை வரைந்தவர்கள் இந்த நாட்டவர்கள்: பேராதனைப் பூங்காவோடு தொடர்புபட்ட டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்களான வில்லியமும் ஜோர்ஜும். புழு, கூடு, அது தின்னும் செடி எல்லாவற்றையும் சேர்த்தே வரைந்தார்கள். அதாவது, 140 வருஷத்துக்கு முன்னமே, பூச்சியையும் இலையையும் பிரித்துப் பார்க்கக்கூடாது எண்டது இங்கே படம் வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கு. அந்த அறிவு பள்ளிக்கூடத்துக்கோ எங்கட மொழிக்கோ வந்து சேரவில்லை. அதுதான் குறை.

வாயே இல்லாத பூச்சி

எங்கட நாட்டில் இருக்கிற மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிற அட்டகஸ் தப்ரொபானிஸ். இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேன் அதன் பேரிலேயே இருக்கு. செம்மண் நிறச் செட்டை. அதில் கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் சின்னச் சின்னச் சாளரங்கள். மேல்செட்டையின் நுனி பாம்புத் தலை போல வளைந்திருக்கும்.

இந்தப் பூச்சி சாப்பிடுவதே இல்லை. சாப்பிட வாயும் இல்லை. வாயுறுப்புகள் சுருங்கி, பயன்படாமல் போய்விட்டன. கூட்டைவிட்டு வெளியே வந்த நாளிலிருந்து ஒன்றிரண்டு கிழமைக்குள், புழுவாக இருந்தபோது உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தே பறந்து, துணை தேடி, முட்டையிட்டு முடிகிறது. பெண் பூச்சி ஒரு இடத்தில் இருந்து வாசம் விடும். ஆண் பூச்சி தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரத்திலிருந்தும் வந்து சேரும். ஒருவரைப் பார்த்து "பாவம், வாயில்லாப் பூச்சி" எண்டு சொல்லுவோம். இங்கே அது உவமையில்லை, நேர்ப் பொருள்.

வெளிறிய பச்சை நிறத்தில், நீண்ட வால்களோடு இருக்கிற நிலா அந்துப்பூச்சியும் இதே குடும்பம், இதே கதை. அதன் புழு தின்னும் மரங்களில் ஒன்று எங்கட வேலிகளில் கதியாலாக நட்ட ஒதியமரம்.

இதிலிருந்து ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேணும். இந்தப் பூச்சிகளுக்காக நீங்கள் பூந்தோட்டம் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. தேன் அவற்றுக்கு வேண்டாம். அவை சாப்பிடுகிற முழுச் சாப்பாடும் புழுப் பருவத்தில், இலையில். அந்த மரம் இல்லையெண்டால் பூச்சி இல்லை.

எங்கட சமையலறைத் தோட்டத்து ஆட்கள்

எல்லாப் பெரிய அந்துப்பூச்சியும் பட்டினி கிடப்பதில்லை. பருந்து அந்து எண்டு சொல்லப்படுகிற கூட்டம் நன்றாகச் சாப்பிடும். ஒடுங்கின செட்டை, தடித்த உடம்பு, பொழுதுபடுகிற நேரத்தில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும். சின்னக் குருவி எண்டே சில பேர் நினைப்பார்கள்.

அலரிப் பூச்சியை எடுங்கள். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் கலந்து பளிங்கில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அதன் புழு செவ்வலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இலைகளைத் தின்னும். அலரி எங்களுக்கு நஞ்சு, ஆடு மாடுக்கும் நஞ்சு, இதுக்கு அன்றாடச் சாப்பாடு. பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் போல அடையாளம், பின்னால் ஒரு சின்னக் கொம்பு. பார்த்தால் பயமாக இருக்கலாம். ஆனால் மயிரும் இல்லை, கடியும் இல்லை. எங்கட ஆட்கள் புழு எண்டாலே மயிர்க்கொட்டி எண்டு நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். முருங்கையில் பத்துகிற மயிர்க்கொட்டியைச் சூள் கொளுத்திப் பிடிக்கிறதில் நியாயம் இருக்கு. அது உடம்பெல்லாம் கடிக்கும். அலரிப் புழு ஆருக்கு என்ன செய்தது?

வற்றாளைப் பூச்சி இன்னொன்று. புழு வற்றாளை இலையையும் அதன் உறவுக் கொடிகளையும் தின்னும். வளர்ந்த பூச்சியின் உறிஞ்சுகுழல் அதன் உடம்பைவிட நீளம். மண்ணுக்குள் கிடக்கிற அதன் கூட்டுப்புழுவில், அந்தக் குழலுக்கெண்டு தனியாக ஒரு வளைந்த பிடி இருக்கும், கூசாவின் கைபிடி மாதிரி. தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் அகப்படும் பழுப்பு நிறச் சாமான் அனேகமாக இப்படி ஒரு பூச்சிதான்.

பிறகு மண்டையோட்டுப் பூச்சி. "த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்" (1991) படத்தின் போஸ்டரில் அந்தப் பெண்ணின் வாயில் ஒட்டியிருப்பது இதன் கூட்டம்தான். முதுகில் மண்டையோடு மாதிரி ஒரு அடையாளம். பிடித்தால் கீச்சிடும். இதில் இரண்டு இனங்கள் இலங்கையில் இருக்கு. அவற்றின் புழுக்கள் கத்தரி, எள்ளு, புகையிலை, ஊமத்தை, முள்முருக்கு எண்டு எங்கட தோட்டத்தையும் வேலியையும் அப்படியே மெனுவாக வைத்திருக்கு. வளர்ந்த பூச்சி செய்வது இன்னும் துணிச்சலான வேலை. இரவில் தேன்கூட்டுக்குள் நுழைந்து, மெழுகு மூடியைத் தன் கட்டையான குழலால் குத்தித் தேன் குடிக்கும். இதன் ஐரோப்பிய உறவு இனத்தில் செய்த ஆய்வில், தேனீயின் உடல்வாசனையை ஒத்த பொருட்கள் அதன் உடம்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "நானும் உங்கட ஆள்தான்" எண்டு மணத்தாலே பொய் சொல்லி உள்ளே போகிற கள்ளன்.

இவை எங்களுக்கு ஏதும் செய்கிறதோ எண்டு கேட்கிறவர்களுக்குப் பப்பாசியைக் காட்டலாம். ஆண் மரம், பெண் மரம் எண்டு தனித்தனியாக வருகிற பப்பாசிக்கு மகரந்தம் காவுவதில் பருந்து அந்துகளே முக்கியமானவை எண்டு கென்யாவில் செய்த ஆய்வுகள் காட்டின. பப்பாசிப் பூ வெளிறின நிறம், இரவில் மணக்கும். பூ ஆருக்காகக் காத்திருக்கு எண்டு அதிலேயே தெரியுது. நாங்களோ "ஆண் பப்பாசி, காய்க்காது" எண்டு தறித்துவிடுகிறோம்.

புழுக்களில் முக்கால்வாசி பூச்சியாகாமலே முடிந்துபோகும் எண்டதையும் சேர்த்துச் சொல்ல வேணும். புலுனியும் செண்பகமும் குஞ்சுக்குக் கொண்டுபோவது அந்தப் புழுக்களைத்தான். தப்பிப் பறக்கிறதில் ஒரு பங்கு வௌவாலுக்கு. விடிய வளவில் புலுனிக் கூட்டம் கத்தவேணும் எண்டு ஆசைப்படுகிறவர்கள், இலையில் ஓட்டை விழுவதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேணும்.

எல்லாரும் நல்லவர்கள் இல்லை

பூச்சியை நேசிக்கச் சொல்லி எழுதுகிற கட்டுரைகள் விவசாயியின் பக்கத்தை மறந்துவிடுவதுண்டு. பழத்தைத் துளைக்கிற பெரிய அந்துப்பூச்சி ஒன்று இருக்கு. மேல்செட்டை காய்ந்த இலை, கீழ்ச்செட்டை செம்மஞ்சளில் கறுப்பு. மற்றப் பூச்சிகளின் குழல் மென்மை. இதன் குழல் நுனியில் முள் வைத்த ஊசி. தோடை, மாதுளை, கொய்யா, மாம்பழம் எல்லாவற்றையும் இரவில் குத்திச் சாறு குடிக்கும். குத்தின இடத்தால் பழம் அழுகி விழும். இதன் புழு சீந்தில் கொடியும் அதன் உறவுகளும் தின்றுதான் வளருது. அதாவது, புழுப் பருவத்தில் ஆருக்கும் தொந்தரவு இல்லாத ஆள், செட்டை முளைத்த பிறகுதான் பிரச்சினை.

இதுக்கு நாங்கள் என்ன சொல்லுகிறோம்? வளவில் நாலு மாதுளை நிற்கிறவர் பழத்துக்கு உறை கட்டலாம். அது வேலை செய்யும். மருந்து அடிப்பது இந்தப் பூச்சியில் பெரிதாக எடுபடாது. ஏனெண்டால் அது உங்கட மரத்தில் வளருவதில்லை, இரவில் வந்து குடித்துவிட்டுப் போகுது.

2018 கடைசியில் சேனா படைப்புழு சோளனைத் தின்று தீர்த்ததை மறக்க ஏலாது. அதுவும் அந்துப்பூச்சிதான். ஆனால் செட்டை விரித்தால் மூன்று நாலு சென்டிமீற்றர்தான் இருக்கும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவி வந்தது. அந்தப் பயத்துக்குப் பிறகு எந்தப் புழுவைக் கண்டாலும் படைப்புழு எண்டு மருந்துப் போத்தலைத் தேடுகிற பழக்கம் கூடியிருக்கு. விவசாயியைக் குறை சொல்லி இதை மாற்ற ஏலாது. 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாகத் தடை செய்து, அதே வருஷம் நவம்பரில் பின்வாங்கின அரசாங்கம் என்ன கதியில் எங்களை விட்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். மேலிருந்து போடுகிற தடையை நாங்கள் கேட்கவில்லை. எந்தப் புழு எது எண்டு பிரித்துப் பார்க்கிற கண்ணைத்தான் கேட்கிறோம். படைப்புழு சோளனில் இருக்கும். உங்கட செவ்வலரியில் இராது.

வேலி போய் மதில் வந்த கதை

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஒதி எண்டு கதியால் நட்டு, இடையில் ஆடாதோடையும் நொச்சியும் வளர்ந்து, மேலே சீந்திலும் வேறு கொடிகளும் படர்ந்த ஒரு வேலி. யாழ்ப்பாணத்தில் பெரிய காடு இல்லை. ஆனால் ஒரு ஊரின் எல்லா வேலிகளையும் சேர்த்து நீட்டிப் பார்த்தால், அது ஒரு ஒடுங்கின நீளக் காடு. ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்பறாமல் போகிற காடு. மேலே சொன்ன பூச்சிகளில் பாதிக்கு அதுதான் வீடும் சாப்பாடும்.

அந்தக் காட்டை இப்ப மதில் தின்னுது. வெளிநாட்டுக் காசு வந்த வளவுகளில் முதலில் எழும்புவது மதில்தான். கதியாலைப் பிடுங்கி, அத்திவாரம் வெட்டி, சீமெந்துக் கல் அடுக்கி, உள்ளே நிலத்துக்கும் கல் பதித்து முடித்துவிடுவார்கள். ஒரு இலையும் விழாது, கூட்டத் தேவையில்லை. ஒரு புழுவும் இராது.

வேலியைப் பற்றிப் பழம்பெருமை பேச எங்களுக்கு விருப்பமில்லை. எங்கட வேலி சும்மா பச்சை மட்டும் இல்லை. ஆர் உள்ளே வரலாம், ஆர் படலையோடு நிற்க வேணும் எண்டு சாதி பார்த்ததும் அந்த வேலிதான். பெண்பிள்ளைகளை மறைத்து வைத்ததும் அதுதான். கதியாலை ஒரு அடி தள்ளி நட்டதுக்காகத் தலைமுறையாக வழக்குப் பேசின சமூகம் இது. வருஷா வருஷம் வேலி அடைக்கிற கூலியும் சின்னச் செலவில்லை. கள்ளர் பயம், தனியாக இருக்கிற பெண்களின் பயம், இதெல்லாம் உண்மை. மதில் கட்டுகிறவருக்குக் காரணம் இருக்கு. ஆனால் மதில் வந்ததால் சாதி போனதா எண்டால், அதுவும் இல்லை. வேலியில் இருந்த அநியாயம் அப்படியே மதிலுக்கு மாறிவிட்டது. உயிர் மட்டும் மாறிப் போகவில்லை, செத்துப்போனது.

அதுபோல, இருபது முப்பது வருஷம் உள்ளே போக விடாமல் வைத்திருந்து இப்ப விடுவிக்கிற காணிகளைத் துப்பரவாக்காதேங்கோ எண்டு சொல்ல எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அது அந்த மக்களின்ர மண். பற்றையில் வளர்ந்த பூச்சிக்காக மனிசர் முகாமில் கிடக்க ஏலாது. லயன் அறையில் இருக்கிற மலையகக் குடும்பத்துக்கு வளவே இல்லை, மதில் எங்கே? ஆகவே நாங்கள் கேட்பது, வளவு இருந்து, மதில் கட்ட வசதியும் இருக்கிறவர்களிடம்தான். ரோட்டுப் பக்கம் மதில் கட்டுங்கோ. பின்பக்கத்தையோ ஒரு பக்கத்தையோ உயிர்வேலியாக விடுங்கோ. அதுக்குக் காசு கூடாது, குறையும்.

வெளிச்சம்

பூச்சி விளக்குக்கு ஆசைப்பட்டு வந்து சாகுது எண்டு நினைக்கிறோம். விட்டில் பூச்சியை வைத்துக் காதல் உவமை கூடச் செய்துவிட்டோம். 2024இல் வெளியான ஒரு ஆய்வு, வேகக் கமராக்களால் பதிவு செய்து வேறொன்றைக் காட்டினது. பறக்கிற பூச்சிகள் இரவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்துக்கு முதுகைத் திருப்பும். மனிசர் இல்லாத உலகில் வெளிச்சமான பக்கம் எண்டால் வானம்தான். அதனால் நேராகப் பறக்கலாம். பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் அதையே வானம் எண்டு எடுத்து, அதுக்கு முதுகைக் காட்டிக் காட்டிச் சுழன்றுகொண்டே இருக்கும். ஆசையில்லை, திசை தவறினது.

ஒன்றிரண்டு கிழமை மட்டும் வாழ்வு, உடம்பில் இருக்கிற கொழுப்பு மட்டும் எரிபொருள், வாயும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பூச்சி உங்கட கேற்றடியில் விடியவிடிய எரிகிற வெள்ளை எல்ஈடியைச் சுற்றி ஒரு இரவைக் கழித்தால், அதன் வாழ்க்கையில் பெரிய பங்கு போய்விட்டது. விடிய அது நிலத்தில் கிடக்கும், காகம் கொத்தும். கோயில் திருவிழா பத்து இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, வருஷம் முழுக்க எரிகிற விளக்கைத்தான் யோசிக்க வேணும். இருட்டில் நடந்து வருகிற பெண்ணுக்குத் தெருவிளக்கு வேணும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வானத்தையும் பக்கத்து மரத்தையும் பார்த்து எரியாமல் நிலத்தைப் பார்த்து எரியட்டும். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் போடலாம். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரிகிற சென்சர் விளக்கு கடைகளில் இருக்கு. மின்சாரக் கட்டணமும் குறையும்.

இலையில் தொடங்குவம்

மரநடுகை எங்கட இளைஞர் அமைப்புகள் விரும்பிச் செய்கிற வேலை. நல்ல விசயம்தான். ஆனால் அனேகமாக நிழலுக்கும் பூவுக்கும் பழத்துக்கும் மட்டும் மரம் நடுகிறோம். இலை தின்ன வருகிறவரைக் கணக்கில் எடுப்பதில்லை. வந்தால் மருந்தடிக்கிறோம். அடுத்த முறை நடும்போது பட்டியலில் இவற்றையும் சேர்க்கலாம்: வேலி ஓரத்தில் ஒதிக் கதியால் நாலு, ஒரு முள்முருக்கு, ஒரு நந்தியாவட்டை, மூலையில் படர ஒரு சீந்தில் கொடி. வற்றாளைப் பாத்தியில் ஒரு கரையை மருந்தில்லாமல் விடலாம். ஆண் பப்பாசி ஒன்றை நிற்க விடலாம்.

பிறகு, கார்த்திகை மழைக்குப் பிந்தின ஒரு நாள் இரவு, டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போய் இலைகளின் அடிப்பக்கம் பாருங்கள். விளக்கடியில் பார்க்கிறது முடிவு. இலையடியில்தான் தொடக்கம். கண்டதைப் படம் எடுங்கள், எந்தச் செடியில் இருந்தது எண்டதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கட ஊரில் அந்தப் புழுவுக்கோ பூச்சிக்கோ ஒரு பேர் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது தின்னும் இலையின் பேரையே வையுங்கள்: அலரிப் பூச்சி, வற்றாளைப் பூச்சி, ஒதிப் பூச்சி. இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் வைத்தோம். சாப்பாட்டின் பேரால் அழைத்தால், அந்தச் சாப்பாடு இல்லாமல் போகும்போது ஆர் இல்லாமல் போகிறார் எண்டது தன்பாட்டில் விளங்கும்.

மேசன் வந்து நூல் கட்டுகிறதுக்கு முதல், கதியாலை ஒருக்கால் சுற்றிப் பாருங்கோ. அங்கே குடியிருக்கிறவர்கள் வாய் திறந்து மறிப்புச் சொல்லமாட்டார்கள்.